கழித்த ரேகை

கிருஷ்ணசாமி சார் வகுப்புக்குள் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவார். மேஜையைத் தொடமாட்டார், நாற்காலியை இழுக்கமாட்டார். ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், கடைசி பெஞ்சுக்காரன் கழற்றிப் போட்ட செருப்பு என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

“திருட்டுப்போன வீட்டுக்குள்ள நுழையறவனுக்கு முதல் எதிரி அவன் கைதான். அதைப் பின்னால கட்டிப் போட்டுட்டு அப்புறம் உள்ளே போ.”

போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். காஞ்சிபுரத்தில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் குற்றப் புலனாய்வு என்று ஒரு துணைப்பாடம் புதிதாக ஆரம்பித்தபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். சேர்ந்த பையன்களில் பாதிப் பேருக்கு எஸ்.ஐ. ஆகிற கனவு. மீதிப் பேர் மற்றப் பாடங்களுக்கு இது தேவலை என்று வந்தவர்கள். வேதகிரி இரண்டாவது ரகம். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் வைத்திருந்த பஞ்சாட்சரத்தின் இளைய மகன். பி.யு.சி.யில் கணக்கில் கோட்டடித்து, மறுபடி எழுதி, தட்டுத்தடுமாறிக் கல்லூரிக்கு வந்தவன். “மூத்தவன் ஏரைப் புடிச்சான், பொழைச்சான். இது ஏருக்கும் ஆவல, ஏட்டுக்கும் ஆவல” என்று அப்பா வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவன் எதிரிலேயே சொல்லுவார். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான்.

ஆனால் கைரேகைப் பாடம் வந்ததும் வேதகிரிக்கு என்னமோ பிடித்துப்போயிற்று. வளைவு, கண்ணி, சுழி என்று விரல் நுனியில் இத்தனை விஷயம் இருப்பது அவனுக்கு அதிசயமாக இருந்தது. கரிப்பொடியைப் பிரஷ்ஷில் தொட்டு வெறும் பித்தளைமேல் தடவ, யாரோ எப்போதோ தொட்டுவிட்டுப் போனது கோடு கோடாக எழுந்து வரும். செலோபேன் டேப்பை ஒட்டி உரித்தால் ரேகை அப்படியே கையோடு வந்துவிடும். அவனுக்குக் கை நடுங்காது. கண்ணும் கூர்மை. சார்கூட ஒருநாள் அவன் எடுத்த ரேகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “இவன் தேறுவான்” என்றார். அவனை யாரும் அப்படிச் சொல்லி அதுவரை அவன் கேட்டதில்லை.

மார்கழிக் கடைசியில் சார் நடத்திய பாடம் இது:

“ஒரு செம்புல பத்து பேர் ரேகை இருக்கும். பத்து பேரும் திருடனா? இல்லே. அந்த வீட்டுல புழங்கறவன் ரேகை அங்கே இருக்கத்தான் செய்யும். அதனால முதல் வேலை, வீட்டார் ரேகையை எடுத்து வெச்சிக்கிட்டு ஒண்ணொண்ணாக் கழி. அங்கே இருக்க நியாயம் உள்ளவனை எல்லாம் கழிச்சிட்டே வா. இருக்க நியாயமே இல்லாத ரேகை ஒண்ணு கடைசியில மிஞ்சும். அதைப் புடி.”

பின்னால் இருந்து ஒருத்தன் கேட்டான்: “சார், வீட்டுக்காரனே திருடியிருந்தா?”

“அப்ப உனக்கு அங்கே வேலை இல்லே. எல போடுவாங்க, சாப்பிட்டுட்டு வந்து சேர்.”

வகுப்பே சிரித்தது. எல்லோரிலும் வேதகிரி சிரித்ததுதான் சத்தமாகக் கேட்டது.

பொங்கல் விடுமுறைக்கு விடும்போது, ஊரில் ஆளுக்கொரு கேஸ் பார்த்து ஃபைல் செய்துகொண்டு வர வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். கோழித் திருட்டானாலும் சரி. பிரஷ்ஷையும் பொடி டப்பாவையும் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வேதகிரி பஸ் ஏறினான். ஊரில் ஏதாவது களவு போக வேண்டுமே என்று அவன் வேண்டிக்கொண்டது நிஜம்.

வேண்டுதல் வீட்டுக்குள்ளேயே பலித்தது.

அவனுடைய அம்மா பவளத்தம்மாள் அதற்கு முந்தின ஐப்பசி மழையில் கைகால் விழுந்து படுத்தவள். வாயும் போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். நடுவறையில் கட்டில். கட்டிலுக்குக் கீழே அவளுடைய பித்தளை வெற்றிலைச் செல்லம். அதில்தான் அவளுடைய இரட்டை வடச் சங்கிலி இருந்தது. பீரோவில் வைக்கலாம் என்று யார் எடுத்தாலும் அவள் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டு அழுவாள். அதனால் அங்கேயே கிடந்தது.

பொங்கலன்று காலை, மாமியாருக்குத் தலை வாரி நெற்றிக்கு இட்டு, சங்கிலியைப் போட்டுவிடலாம் என்று மருமகள் சுலோச்சனா செல்லத்தைத் திறந்தாள். பாக்குவெட்டி இருந்தது. சுண்ணாம்பு டப்பி இருந்தது. சங்கிலி இல்லை.

பானை பொங்கினபோது குலவை போட வீட்டில் ஆள் இல்லை. பஞ்சாட்சரம் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். “வாலாஜாபாத்துக்கு ஆள் அனுப்புடா ஏகாம்பரம். மை போட்டுப் பாக்கறவன் ஒருத்தன் கீறான் இல்ல, அவன இட்டா. வெத்தலையில மூஞ்சி தெரிஞ்சிடும்.”

“அந்தாளு வேணாம் நைனா. நான் பாக்கறேன்” என்றான் வேதகிரி.

அண்ணன் ஏகாம்பரம் மீசையை நீவிக்கொண்டு சிரித்தான். “கணக்குல கோட்டடிச்சவன் கள்ளனப் புடிக்கப் போறானாம்.”

வேதகிரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவறைக்குள் போனான். “எல்லாரும் வெளிய போங்க. ஒருத்தரும் எத்தயும் தொடக் கூடாது” என்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. பஞ்சாட்சரம் திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

அம்மா கட்டிலில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் படுக்கையாகக் கிடக்கிற உடம்பில் வருகிற வாடை அந்த அறையில் இல்லை. துணி வெளுத்திருந்தது, நகம் வெட்டியிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. அவன் கண் செல்லத்தின்மேல்தான் இருந்தது.

வாசலிலும் சன்னலிலும் ஊர் கூடிவிட்டது. அவன் கரிப்பொடியைத் தொட்டதும், “சின்னவரு மை போடறாருடி” என்று ஒரு பெண் குரல் கேட்டது. “வெத்தல இல்லாமயே போடறாரு பாரு.” “காலேஜு மை அது. அதுக்கு வெத்தல வேணாம்.”

கலைந்து பூசிப்போனவை போக, தெளிவாக இரண்டு ரேகைகள் கிடைத்தன. மூடிக்கு உள்பக்கம் ஒரு கண்ணி. செல்லத்தின் வெளிப்பக்கம், தரையோடு ஒட்டிய விளிம்புக்குச் சற்று மேலே, ஒரு கட்டைவிரல் சுழி. சுழியின் நடுவில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு, வாய்க்காலுக்குக் குறுக்கே வரப்புப் போட்டதுபோல.

முறைப்படி முதலில் வீட்டாரைக் கூப்பிட்டான். அப்பா ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்திவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டார். அண்ணி கொடுத்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. ஏகாம்பரம் கையை நீட்டிக்கொண்டே வந்தான்.

“புடிச்சிக்கோ ஆபீசரு. ஜெயில்ல களியா சோறா, அத்த மட்டும் கேட்டுச் சொல்ட்டு அப்பால புடி.”

எல்லோரும் சிரித்தார்கள். துக்கத்திலும் பஞ்சாட்சரம் சிரித்தார்.

மூடிக்கு உள்ளே இருந்த கண்ணி ஏகாம்பரத்தின் ரேகைதான். வேதகிரி பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தரம் பார்த்தான். அண்ணன் இந்த வீட்டு மனுஷன். அம்மா அறையில் அவன் கை படாத பொருள் உண்டா? கழித்தான். தாளில் அந்த ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘வீட்டார்’ என்று எழுதினான். அப்பா ரேகையும் இல்லை, அண்ணி ரேகையும் இல்லை. மிஞ்சினது தழும்புச் சுழி.

“வூட்டு மனுசங்க இல்ல நைனா. வெளி ஆளு.”

“அப்டிப் போடு!” என்றார் பஞ்சாட்சரம். மகனை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தார். வேதகிரி பிறந்து வளர்ந்த இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வை அவனுக்குக் கிடைத்ததில்லை. அதற்காக அவன் எதையும் செய்வான் போல இருந்தது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். கொட்டிலில் மாடு கழுவ வந்த காலனி ஆட்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தார்கள். அவர்கள் யாரும் கொட்டிலைத் தாண்டி வந்தவர்கள் இல்லை. கூழானாலும் பொங்கலானாலும் கொட்டில் சுவரோரம் குந்தியிருந்து, மேலே இருந்து ஊற்றுவதைத்தான் வாங்கிக் குடிப்பார்கள். பாத்திரம் அவர்களுடையது. இந்த வீட்டுப் பாத்திரம் எதிலும் அவர்கள் விரல் பட்டதில்லை. ஊருக்கே தெரிந்த கணக்கு அது. அதனால்தான் அவனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. தழும்புச் சுழி யாருடையதானாலும், அது அங்கே இருக்க நியாயம் இல்லை.

ஸ்டாம்ப் பேடைப் பார்த்ததும் வரிசை பின்னால் நகர்ந்தது. கட்டைவிரலைக் காகிதத்தில் வைத்த அன்றைக்கெல்லாம் அவர்களுக்கு ஏதாவது ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது. ஒருத்தனுக்கு மனைக்கட்டு, ஒருத்தனுக்கு மாடு.

சிட்டம்மாள் முறை வந்தது. நடவு கும்பலுக்கு அவள்தான் முன்கை. அவள் வரப்பில் இறங்கிக் குரல் கொடுத்தால்தான் மற்றப் பெண்கள் இறங்குவார்கள்.

“இன்னா எழுதி வாங்கறீங்க ஆண்டே? எங்கிட்ட தாலியத் தவிர ஒண்ணும் கெடியாதே.”

“ஒண்ணும் எழுதல. வெறும் பேப்பரு. வை.”

வைத்தாள். அவள் விரலை அவன் இடம் வலமாக உருட்டினான். அரிவாள் பட்ட தழும்பு குறுக்கே ஓடியது. கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை.

“நைனா” என்று கூப்பிட்டான். அவ்வளவுதான்.

களத்துமேட்டில் கூடினார்கள். போலீசுக்குப் போக வேண்டாம் என்று பஞ்சாட்சரம் சொல்லிவிட்டார். வீட்டுக்குள்ளே பூட்ஸ் கால் ஏறக் கூடாது, நம்ம ஊர்க் காரியத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்றார். அதற்குள் நாலு பேர் போய்ச் சிட்டம்மாள் குடிசையில் சட்டி பானையெல்லாம் உடைத்துத் தேடிவிட்டு வந்திருந்தார்கள். சங்கிலி இல்லை. “வித்துட்டிருப்பா” என்றார்கள்.

“செல்லத்தத் தொட்டியா இல்லியாடி?”

சிட்டம்மாள் நிமிர்ந்தாள். “தொட்டன் ஆண்டே. எடுக்கல.”

கூட்டம் இரைந்தது. “ஒத்துக்கினா பாரு! மை பேசுதுடா!”

“தொட்டியா? எங்க வூட்டு நடுவறையில கீற பொருள நீ எப்டிடி தொட்ட? உள்ள எப்டிப் பூந்த?”

அவள் களத்துக்கு அந்தப் பக்கம், பெண்கள் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே சுலோச்சனா நின்றிருந்தாள். சிட்டம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறவள்போல.

“சின்னம்மாவக் கேளுங்க ஆண்டே.”

எல்லாத் தலையும் திரும்பியது. சுலோச்சனா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “என்னக் கேட்டா? எனக்கு இன்னா தெரியும்?” என்றாள். அப்புறம் இன்னும் மெதுவாக, “நாங்க கொட்டில் பக்கம் கூயி ஊத்தறதோட செரி” என்றாள்.

சிட்டம்மாள் அவள்மேலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

சந்தேகப்பட்டவள் யாரைப் பார்க்கிறாள் என்று பார், வாயைவிடக் கண் முந்திக்கொள்ளும் என்று கிருஷ்ணசாமி சார் சொல்லியிருக்கிறார். வேதகிரி அந்தப் பார்வையைப் பார்த்தான். அது எங்கே போய் விழுந்தது என்பதையும் பார்த்தான். அண்ணியிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்த இடத்திலேயே அதை அமுக்கினான். ரேகைதான் இருக்கிறதே. அதற்கு மேல் என்ன கேட்பது? தவிரவும், அப்பா அவன் தோளில் கை போட்டிருந்தார். ஊரறிய, கூட்டத்தின் நடுவில், அவன் தோளில்.

“எந்த வெரலுடா?” என்று கேட்டார் பஞ்சாட்சரம்.

“ஆங்?”

“மையில வந்த வெரலு எது?”

எதற்குக் கேட்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் சொன்னான். பரீட்சையில் கேட்ட கேள்விக்குச் சொல்வதுபோலச் சுத்தமாகச் சொன்னான்.

“வலது கை கட்டவெரலு.”

பெருமாளைக் கூப்பிட்டார்கள். சிட்டம்மாளின் புருஷன். பஞ்சாட்சரத்தின் ஏரி மதகுக் காவலும் இருபோக உழவும் அவன்தான். உலக்கையை அவன் கையில் கொடுத்து, “நீயே பண்ணு. வெளியாளு கை ஓங்கினா ஓங்கினதுதான், நிக்காது. இல்லன்னா ரெண்டு பேரும் இப்பவே ஊர விட்டுக் கெளம்புங்க” என்றார்கள்.

“நடவுக்குப் போற கையி ஆண்டே.” பெருமாள் உலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். “முதுவுல அடிக்கிறன். எத்தினி வேணா அடிக்கிறன். வெரல வுட்டுடுங்க ஆண்டே. நாத்தப் புடிக்கிற வெரலு.”

“அதான் சங்கிலியையும் புடிச்சிது” என்றான் ஏகாம்பரம். நல்ல நகைச்சுவை சொன்னதுபோலச் சுற்றிலும் பார்த்தான். சிலர் சிரித்தார்கள்.

போர் அடிக்கிற கல்லின்மேல் சிட்டம்மாள் தானே கையை வைத்தாள். மற்ற நாலு விரல்களையும் மடக்கிக்கொண்டு கட்டைவிரலை மட்டும் நீட்டினாள். “சட்டுனு போடுய்யா. கைய நடுக்கினு பக்கத்து வெரலையும் சேத்துடாத” என்றாள்.

பெருமாள் கண்ணை மூடிக்கொண்டான். உலக்கையின் இரும்புப் பூண் முதல் தரம் கல்லில்தான் விழுந்தது. “கண்ணத் தொறந்து போட்ரா” என்றார்கள். இரண்டாம் தரம் விழுந்தது.

அவள் கத்தின சத்தத்துக்குக் கழுவிப் பூச்சூட்டி நிறுத்தியிருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு திமிறின.

அன்றைக்கு வேதகிரிக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் இலை போட்டார்கள். அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

மாசி மாதம் ஃபைலைக் கொண்டுபோய் சாரிடம் கொடுத்தான். அழகான கையெழுத்து. சம்பவ இடத்தின் படம், இரண்டு ரேகை, மூன்று வீட்டார் ரேகை, வேலையாட்கள் ரேகை, கடைசியில் முடிவு. சார் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இந்தக் கண்ணி எங்கே எடுத்தே?”

“மூடிக்கு உள்பக்கம் சார்.”

“தழும்பு விரல்?”

“வெளிப்பக்கம் சார். அடியில.”

“மூடி மேலேயோ உள்ளேயோ தழும்பு விரல் இருந்திச்சா?”

“இல்லே சார்.”

சார் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அப்ப அந்தப் பொம்பளை பெட்டியைத் தள்ளியிருக்கா. திறக்கலே. திறந்தவன் இவன்.” ‘வீட்டார்’ என்று கோடு போட்டிருந்த இடத்தை மோவாயால் காட்டினார். “இது யாரு?”

“அண்ணன் சார். வீட்டு மனுஷன்னு கழிச்சிட்டேன்.”

“ம். சரி, கேஸ் முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சிடுச்சு சார்.”

“பொருள் கிடைச்சுதா?”

“இல்லே சார்.”

“கிடைக்காது.” சார் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்து வேதகிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ஒரு பழைய ஆள் புது ஆளைச் சேர்த்துக்கொள்கிற சிரிப்பு. “நீ நல்லா வருவே. வேலைக்குப் போனா ஒரு கஷ்டமும் இருக்காது உனக்கு” என்று சொல்லி, ஃபைலின் மேல் முதல் மார்க்கைப் போட்டார்.

பங்குனியில் பரீட்சை முடிந்து அவன் ஊருக்குப் போனபோது வீட்டு வாசலிலேயே வாடை அடித்தது. நடுவறை வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் முதுகிலும் இடுப்பிலும் புண் வைத்திருந்தது. துணியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் சீழ் வந்தது. கன்னம் உள்ளே போய்விட்டது. கஞ்சி கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள் என்றார்கள்.

சமையலறையில் அண்ணி தனியாக இருந்தபோது போய் நின்றான்.

“இன்னா அண்ணி, அம்மாவ இப்டி வுட்டுட்டீங்க?”

சுலோச்சனா கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் வுட்டனா? எரும மாதிரி கீற ஒடம்ப ஒண்டியா நான் எப்டித் தூக்கறது தம்பி? இத்தினி நாளா தூக்கினவ அவதான்.”

“எவ?”

“தெரியாத மாதிரி கேளு. சிட்டம்மாதான். மாமா கழனிக்குப் போனப்புறம் மத்தியானத்துல பின்வாசலாண்ட வருவா. குளிப்பாட்டுவா, தொணி மாத்துவா, கஞ்சி ஊட்டுவா. அவ ஊட்டினாத்தான் உங்கம்மா வாயத் தொறப்பா. கட்டிலுக்கு அடியில கூட்றப்ப செல்லத்த நவுத்தி வெப்பா. அவளுக்கு நான் குடுத்தது ரெண்டு புடி நொய்யி.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“சொல்லி? காலனிக்காரிய நடுவூட்டுல வுட்டு, மாமியாளத் தொட்டுத் தூக்க வெச்சன்னு களத்துல நின்னு சொல்லச் சொல்றியா? மாமா என்ன அப்பவே எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிச்சிருப்பாரு.” அவள் குரல் திடீரென்று கூர்மையாயிற்று. “நீ மட்டும் இன்னா, அவ என்னப் பாத்தத நீ பாக்கல? நான் உன்னத்தான் பாத்துக்கினு இருந்தன் தம்பி. நீ கேப்பியோன்னு பயந்துக்கினு நின்னன். நீ கேக்கல. நல்ல வேளன்னு வந்துட்டன்.”

அவன் நடுவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“உங்க அண்ணன் வாலாஜாபாத்து ரைஸ்மில்லுல பங்கு சேந்துட்டாரு. தெரியுமா? தை மாசமே சேந்துட்டாரு” என்றாள் அவள். சொல்லிவிட்டு, குழம்பைக் கிளற ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று அவன் முடிவு செய்தான். கூடத்தில் பஞ்சாட்சரம் யாரோ வெளியூர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். “இவன்தான் சின்னவன். எத்தினி தெறமையா கள்ளியப் புடிச்சான்றீங்க! ஏகாம்பரம் மில்லப் பாத்துக்குவான், இவன் ஒரு நாளு இன்ஸ்பெக்டராவான். எனக்கு இனிமே இன்னா கொறை?” வேதகிரியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர் கை மறுபடியும் அவன் தோளில் இருந்தது. சூடான, கனமான கை.

அவன் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் சொல்கிற எண்ணமே அவனை விட்டுப் போய்விட்டது. ஒன்று மட்டும் செய்தான். அண்ணியைக் கூப்பிட்டு, “அவளையே வரச் சொல்லுங்க. மத்தியானத்துல. நைனாவ நான் பாத்துக்கறன்” என்றான்.

சிட்டம்மாள் வந்தாள். வராமல் என்ன செய்வாள்? கட்டைவிரல் இல்லாமல் நாற்றை முடியிலிருந்து பிரிக்க முடியாது, சேற்றில் ஊன்ற முடியாது. நடவு கும்பலில் அவளைச் சேர்க்கவில்லை. களை பறிக்கவும் கூப்பிடவில்லை. “கள்ளி வந்து கால் வெச்ச கயனி வெளங்குமா?” என்று ஊர் சொன்னது. பெருமாள் குடித்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதாகவும், அழுது முடித்ததும் அடிப்பதாகவும் பேசிக்கொண்டார்கள். ரெண்டு பிடி நொய்யும் இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது.

பின்வாசல் வழியாக வந்தாள். நடையில் நின்றிருந்த வேதகிரியைப் பார்த்ததும் ஒதுங்கினாள். அவன் வழி விட்டான். அம்மாவின் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. சிட்டம்மாள் நாலு விரலாலும் உள்ளங்கையாலும் அவளைப் புரட்டி, வெந்நீரில் புண்ணைத் துடைத்தாள். கட்டைவிரல் இருந்த இடத்தில் தட்டையாக, நகமில்லாமல், மெழுகு உருகிக் காய்ந்ததுபோல ஒன்று இருந்தது. கிண்ணத்தை இடது கையில் பிடித்து, வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே கரண்டியை இடுக்கி, அவள் கஞ்சியை நீட்டியதும் அம்மா வாயைத் திறந்தாள். குஞ்சு மாதிரி திறந்தாள்.

எல்லாம் முடித்து, சிட்டம்மாள் குனிந்து கட்டிலுக்குக் கீழே பெருக்கினாள். செல்லம் குறுக்கே இருந்தது. விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நடைப் பக்கம் பார்த்தாள்.

“நவுத்தலாமா ஆண்டே?”

அவன் தலையாட்டினான். அவள் நசுங்கிப்போன அந்த விரலாலேயே செல்லத்தைத் தள்ளினாள். வேண்டுமென்றே அந்த விரலால்தான் தள்ளினாள்.

“இனிமே பயம் இல்ல. இதுல எந்த மையும் புடிக்காது” என்றாள். பெருக்கின குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

ஒரு மாதத்தில் வாடை குறைந்தது. “சுலோச்சனா கை ராசிடா. என் பொண்டாட்டியப் பச்சப் புள்ள மாதிரி வெச்சிக்கினு கீது” என்று பஞ்சாட்சரம் ஊரெல்லாம் சொன்னார். மத்தியானம் அவர் சீக்கிரமாகக் கழனியிலிருந்து திரும்பிவிட்ட நாட்களில் வேதகிரி வாசலிலேயே எதிர்கொண்டு, கதை கேட்பதுபோல உட்கார வைத்துக்கொள்வான். பின்வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்வரை அவரை எழுந்திருக்க விடமாட்டான். அதை அவன் நன்றாகவே செய்தான்.

சித்திரைக் கத்திரி வெயிலில் ஒருநாள் ஏரிக்கரை மோட்டார் கொட்டகையில் யாரோ காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பஞ்சாட்சரம் வாசலில் நின்று கூப்பிட்டார். “வேதகிரி! அந்தப் பிரஷ்ஷ எட்தாடா!”

எடுத்துக்கொண்டு அப்பாவோடு நடந்தான். காலனியைத் தாண்டித்தான் ஏரிக்கு வழி. அவன் கையில் துணிப்பையைக் கண்டதும் தெருவே எழுந்து நின்றது. கிழவர், பெண்கள், கூரை வேய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் பெருமாள் நின்றான். அவனும் கட்டியிருந்தான்.

“பாத்தியா?” பஞ்சாட்சரம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். “எனக்குக் கூட இப்டி கை கட்டினதில்லடா. படிப்புக்குக் கீற மரியாதை!”

வேதகிரி பார்த்தான். அவனுக்குக் கண் கூர்மை. ஒவ்வொரு கையிலும் கட்டைவிரல் உள்ளே மடங்கி, அக்குளுக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது. ஒருவர் விரலும் வெளியே தெரியவில்லை.

“ஆமா நைனா” என்று சொல்லிவிட்டு, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அவர்களை எண்ணத் தொடங்கினான்.